வலப்பக்கம் தாழும் சாய்வு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்புவரை படித்தேன். அதன் பிறகு என் கை எழுதியதெல்லாம் மண்ணெண்ணெய் பெர்மிட்டுகள்தான். வள்ளத்தின் எண், உரிமையாளர் பெயர், கையெழுத்து. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் காது இரண்டும் சூடாகிவிடும். இப்படிப்பட்ட ஒருவன், கடலில் வள்ளம் ஆடுகிற ஆட்டத்துக்குப் படித்தவர்கள் பெயர் வைத்த கதையைச் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் பெயர் வைத்த அன்றைக்கு அந்த அறையில் கடற்கரைக்காரர்கள் என்று இருந்தது மூன்று பேர். மற்ற இருவரும் எழுதப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் துணிந்துவிட்டேன்.

எங்கள் ஊர் இனயத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அப்பாவும் அண்ணனும் சித்தப்பாமார் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். பதினாறு வயதில் என்னையும் ஏற்றினார்கள். கரையலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் முதலில் அப்படித்தான், பழகிவிடும் என்றார்கள். ஒரு வருஷம் பழகிப் பார்த்தேன்; ஒவ்வொரு முறையும் கரையலையிலேயே என்னைத் திருப்பி இறக்கிவிட்டார்கள். கடலும் பழகவில்லை, வயிறும் பழகவில்லை. பிறகு மீனவர் சங்க அலுவலகத்தில் பெர்மிட் எழுதுகிற வேலைக்கு உட்கார்ந்தேன். ஊரில் எனக்குக் ‘கரைக்காரன்’ என்ற பெயர் நிலைத்தது. அதில் பகை எதுவும் கிடையாது. ஆனால் கல்யாண வீட்டில், கோவில் கமிட்டியில், எங்கேயாவது கடலைப் பற்றிப் பேச்சு வந்து நான் வாயெடுத்தால், “நீ கரையைப் பத்திச் சொல்லு மக்கா, கேட்டுக்கிடுதோம்” என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு நிறைய வள்ளங்கள் தானமாக வந்தன. எல்லாம் பைபர். நல்ல மனதோடு கொடுத்தவைதான். ஆனால் எங்கள் கடலுக்கு எல்லாமே பொருந்தவில்லை. சில வள்ளங்கள் லேசான அலைக்குக்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர நேரம் எடுத்தன. சில, அணியத்தைத் தூக்கித் தூக்கி அடித்தன. அணியம் என்றால் வள்ளத்தின் முன்தலை. பின்தலைக்கு அமரம் என்று பெயர். இப்படிக் கொஞ்ச வருஷம் போன பிறகு, ஒரு ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தார். எந்த வடிவ வள்ளம் எப்படி ஆடுகிறது என்று மூன்று கரைகளில் அளந்து, அந்தக் கணக்கை வைத்து இனிமேல் கட்டும் வள்ளங்களின் வடிவத்தை முடிவு செய்யப்போகிறார்களாம். எங்கள் கரை அந்த மூன்றில் ஒன்று. அந்தப் பெண்ணை ஊரில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். படித்த பெண் என்றால் எங்களுக்கு டீச்சர்தான்.

ஆறு வள்ளங்களில் சாப்பாட்டு டப்பா அளவில் வெள்ளைப் பெட்டி ஒன்றைத் திருகாணி வைத்து மாட்டினார்கள். சாய்வு, எழும்பல், திரும்பல் எல்லாவற்றையும் அது தானாகவே குறித்துக்கொள்ளும். அண்ணனுடைய வள்ளத்திலும் ஒன்று. அண்ணன் அதற்குச் சவத்துப் பெட்டி என்று பெயர் வைத்து, அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு சிலுவையும் போட்டுவிட்டார். பெட்டி மட்டும் போதாது, ஆள் வாய்ச்சொல்லும் வேண்டும் என்றார் டீச்சர். வள்ளம் கரையேறியதும் இன்றைக்கு எந்த நேரத்தில், எந்தப் பக்கம், எப்படி ஆடியது என்று கேட்டு ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். வள்ளம் ஆடுவதில் ஆறு வகை உண்டு என்று டீச்சர் படம் போட்டுக் காட்டியபோது, ஆறையும் என் வயிறு ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தது. பக்கவாட்டில் சாய்வது கழுத்தைப் பிடிக்கும். அணியம் ஏறி இறங்குவது நெற்றிக்குள் குத்தும். வள்ளம் முழுசாக மேலே போய்ப் பொத்தென்று கீழே விழுவது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. கடலில் உட்கார்ந்து மீன்பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரே ஆட்டம். எனக்கு ஆறும் ஆறுவிதம். யாராவது “நல்லா ஆடிச்சு” என்று சொன்னால் விடமாட்டேன். “தூக்கிப் போட்டுதா, சாச்சுப் போட்டுதா?” என்று கேட்பேன். “இவன் என்னல, வக்கீலு மாதிரி” என்று அலுத்துக்கொண்டே சொல்வார்கள். கடல் விஷயத்தில் முதல்முறையாக அவர்கள் சொல்ல, நான் கேட்க ஓர் இடம் கிடைத்திருந்தது.

அப்புறம் ஒருநாள் டீச்சர் முகம் வாடி வந்தார். அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“அண்ணா, உங்க கரையோட படிவங்கள் பெட்டியோட ஒத்துப்போகல. பெட்டி வலப்பக்கம் சாஞ்சதுன்னு சொல்லுது, படிவத்துல இடதுன்னு இருக்கு. கிட்டத்தட்ட பாதி இப்படி இருக்கு. இந்த ஆட்களோட பேச்சை நம்ப முடியாது, எடுத்துடலாம்னு பெரிய சார் சொல்லிட்டார்.”

பெரிய சார் என்பவர் மூன்று கரைக்கும் மேலாக இருந்தவர். மூன்று வாரம் கழித்து நாகர்கோவிலில் ஒரு கூட்டம் இருந்தது. ஒவ்வொரு குழுவும் ஒரே ஆட்டத்துக்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்ததால், எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெயர்ப் பட்டியல் முடிவு செய்யும் கூட்டம். அதில் எந்தக் கரையின் கணக்கு உள்ளே, எது வெளியே என்பதும் முடிவாகும்.

எங்கள் கணக்கு வெளியே என்றால், இனி வரும் வள்ளம் மற்ற இரண்டு கரைகளின் கடலுக்காகக் கட்டப்படும். அதில் ஏறிப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷம் வெயிலில் வந்து நின்று எனக்குப் பதில் சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று ஒருவர் எழுதிவைக்கப் போகிறார்.

அண்ணனிடம் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

“கரைக்காரன் எழுதினா அப்படித்தான் இருக்கும். நாங்க சொன்னது ஒண்ணும் தப்பில்ல, கேட்டியா?”

அன்றிலிருந்து படிவக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பினேன். டீச்சர் ஒத்துப்போகாதவற்றுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். நேரவாரியாக அடுக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. காலையில் நடந்ததாக எழுதிய படிவங்களில் சிவப்புப் புள்ளி அநேகமாக இல்லை. மதியத்துக்கு மேல் நடந்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. மதியத்துக்கு மேல் ஆட்களுக்கு அசதியில் இடது வலது மாறிவிடுமோ? ஆறு வள்ளத்துக்காரர்களுக்குமா மாறும்? உட்கார்ந்து யோசித்தும் ஒன்றும் ஓடவில்லை. கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது.

மனைவியிடம் நாளை அண்ணன் வள்ளத்தில் போகிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

“இஞ்ச பாருங்க, தண்ணித் தொட்டியை எட்டிப் பாத்தாலே உங்களுக்குத் தல சுத்தும். எதுக்கு இந்த வேண்டாத வெப்ராளம்?”

ஆனாலும் விடியுமுன் எழுந்து இஞ்சியை உப்பில் தோய்த்துப் பொட்டலம் கட்டித் தந்தாள்.

அண்ணன் வள்ளத்தில் நான் ஏறியதைப் பார்க்க ஒரு சின்னக் கூட்டமே நின்றது. “கரைக்காரன் கப்பலேறுதாம்ல!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணன் அமரத்தில் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தார். நான் நடுவில், வலது கைப்பக்கத்து விளிம்பைப் பிடித்தபடி ஒரு பலகையில் உட்கார்ந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது வாந்தி எடுக்க வசதியாகத்தான். ஓர் ஆணியால் பலகையில் ‘என் இடம்’ என்று கீறியும் வைத்தேன்.

எங்கள் ஆட்கள் மீன் தேடிப்போகும் இடம் கன்னியாகுமரிப் பக்கம். கரையை இடது கைக்கு வைத்துக்கொண்டு கரையோரமாகவே நெடுந்தூரம் போக வேண்டும். நான் முதல் வாந்தி எடுத்தபோது சூரியன் இன்னும் மேலே வரவில்லை. அப்படியே விளிம்பில் கவிழ்ந்து கிடந்தேன். கண்ணுக்கு எதிரே வெறும் கடல். அந்த நேரத்தில் ஓர் அலை வந்து வள்ளத்தை என் பக்கம் சாய்த்தது. அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்.

“ஏலே, கடல்பக்கம் சாயுது! நீயும் அங்கேயே தொங்காத, உள்ள வந்து இரி!”

நான் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் குறித்தேன். எழுத்து கோணலாக இருந்தாலும் குறித்தேன்.

வலை போட்டு, காத்திருந்து, வலை இழுத்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. இஞ்சி தீர்ந்துவிட்டது. வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் வயிறு விடவில்லை. மதியத்துக்கு மேல் வள்ளத்தைத் திருப்பினார்கள். நான் அதே பலகையில், அதே விளிம்பில், கீறிய எழுத்தின் மேலேயே கிடந்தேன். மறுபடி ஓர் அலை. வள்ளம் மறுபடி என் பக்கமே சாய்ந்தது.

“கரைப்பக்கம் சாயுது, கரைப்பக்கம்! இழுத்துப் பிடி!” என்றார் அண்ணன்.

தலையைத் தூக்கினேன். எதிரே எங்கள் கரைக்குப் பின்னால் நிற்கும் மலை இருந்தது. காலையில் வெறும் கடல் இருந்த இடத்தில், நீலமாக, மொத்த மலையும் நின்றது.

நான் சிரித்திருக்கிறேன் போல. அண்ணன் எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

“என்னல? மலையப் பாத்துச் சிரிக்க? பித்தம் தலைக்கேறிட்டா?”

“அண்ணே, காலைல இந்தப் பக்கத்தை என்னன்னு சொன்னீங்க?”

“எந்தப் பக்கம்?”

“நான் இருக்க பக்கம்.”

“கடல்பக்கம்.”

“இப்பம்?”

“கரைப்பக்கம். அதுக்கென்ன இப்பம்?”

அதுதான். அது முழுக்க என்னுடைய தப்பு. எங்கள் கரையில் கடலுக்குள் இருக்கும்போது யாரும் இடது வலது பார்ப்பதில்லை. அலை வருவது எந்தப் பக்கம், தப்பித்து ஏற வேண்டியது எந்தப் பக்கம் என்பதுதான் உயிர்காக்கும் கேள்வி. அதனால் கடல்பக்கம், கரைப்பக்கம் என்றுதான் சொல்வார்கள். டீச்சர் தந்த படிவத்தில் இடது, வலது என்று இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தன. முதல்நாள் ஒருவர் “கடல்பக்கம்” என்றதும், அது எது என்று அண்ணனிடம் கேட்டேன். “வலது கைப்பக்கம், வேற எது?” என்றார். போகும்போது அது சரி. நான் இரண்டு வருஷமும் கடல்பக்கம் என்றால் வலது, கரைப்பக்கம் என்றால் இடது என்றே குறித்தேன். திரும்பி வரும்போது அவை இடம் மாறும் என்பது கடலுக்குப் போகிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலுக்குப் போகாதவனுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, எஞ்சினின் வேகத்தைக் கூட்டினார். பிறகு சொன்னார்: “அப்பம் நாங்க சொன்னது சரி. நீ எழுதினது தப்பு. அதத்தானே நானும் சொன்னேன்?”

“ஆமா அண்ணே.”

“அத நாகர்கோவில்ல போய்ச் சொல்லுவியா?”

 நான் மறுபடி விளிம்பில் கவிழ்ந்தேன்.

பெட்டியின் கணக்கோடு எல்லாப் படிவங்களையும் வைத்து, போகும்போதா வரும்போதா என்று பார்த்து, வரும்போது நடந்தவற்றில் இடதையும் வலதையும் மாற்றி எழுதினோம். டீச்சரும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்தோம். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அடிபட்டன. கடைசியில் நாலைந்துதான் மிஞ்சின. “நீங்களே வந்து சொல்லுங்க அண்ணா. நான் சொன்னா பூசி மெழுகுற மாதிரி இருக்கும்” என்றார் டீச்சர். அது நியாயம்தான் என்று புரிந்தது. அதனால்தான் பயமாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் அறை. நீளமான மேசையைச் சுற்றி இருபது பேர் இருந்தார்கள். எங்கள் கரையிலிருந்து நான், அண்ணன், இன்னொரு வள்ளத்துக்காரர். அண்ணன் பெருநாள் சட்டை போட்டிருந்தார். காலை முழுவதும் பெயர்களுக்காகவே சண்டை நடந்தது. ஒரு குழு சாய்வை ஒரு பெயரில் எழுதி, வலப்பக்கம் சாய்ந்தால் கூட்டல், இடப்பக்கம் சாய்ந்தால் கழித்தல் என்று வைத்திருந்தது. இன்னொரு குழு அதே பெயரில் எழுதி, இடப்பக்கம் சாய்ந்தால் கூட்டல் என்று வைத்திருந்தது. மூன்றாம் குழுவின் தாளில் எது கூட்டல் என்றே இல்லை. அண்ணன் என் காதில் சொன்னார்: “படிச்சவனுக்கும் இதே கதிதானா? நல்லாருக்கு, கொள்ளாம்.”

பெரிய சார் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். சாய்வுக்குச் சாய்வு என்றே ஒரு பெயர் போதும், எந்தப் பக்கம் கூட்டல் என்பதை அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிக்கப் பார்த்தார். அடுத்து எங்கள் கரைக்கு வந்து, “அப்புறம் அந்த மேற்குக் கரைப் படிவங்கள். அதை விட்டுடலாம்னு ஏற்கெனவே பேசியாச்சு” என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். என் இரண்டு காதும் எரிந்தன. எழுந்து நின்றேன். முதல் வாக்கியமே, “தப்பு என்னோடதாக்கும் சார்” என்று வந்தது.  இருபது பேரும் காத்திருந்தார்கள். மேசைமேல் தேநீரோடு வைத்த மட்டிப்பழச் சீப்பு இருந்தது. கை தானாகப் போய் ஒரு பழத்தைப் பிய்த்தது.

மட்டிப்பழம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விரல் நீள வாழைப்பழம், இரண்டு நுனியும் மெல்ல வளைந்து, அச்சாக எங்கள் வள்ளம்தான். காம்புப் பக்கம் அணியம் என்றேன். இந்த மேசை விளிம்பு கரை. பழத்தை விளிம்பை ஒட்டி நகர்த்தினேன். கரைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, “கடல்பக்கம் சாயுது” என்றேன். பழத்தைத் திருப்பி, வந்த வழியே கொண்டுவந்தேன். பழத்தின் அதே பக்கத்தைச் சாய்த்து, “இப்பம் இது கரைப்பக்கம்” என்றேன். “அவங்க ரெண்டு தடவையும் உள்ளதத்தான் சொன்னாங்க. நான்தான் கரையில இருந்துக்கிட்டு ரெண்டு வருஷமா ஒரே மாதிரி எழுதிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழத்தைப் பார்த்தார். டீச்சர் திருத்திய தாள்களை அவர் முன்னால் வைத்தார். அவர் புரட்டிக்கொண்டே இருந்தார். நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் வாய் திறந்துகொண்டது.

“அடிக்குறிப்பு வேண்டாம் சார். பெர்மிட்டுப் பின்னால பத்து விதி அச்சடிச்சிருக்கு. இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட அதத் திருப்பிப் பாத்ததில்ல. எந்தப் பக்கம்னு பேருக்குள்ளேயே இருக்கணும். சாய்வுன்னு வைக்காதீங்க. வலப்பக்கம் தாழும் சாய்வுன்னு வைங்க.”

“பெயர் ரொம்ப நீளமாயிடுமே” என்றார் அவர்.

“எங்க ஊர்ல ஒரே புனிதர் பேருல தெருவுக்கு நாலு பேரு இருக்கான் சார். வீட்டுப்பேரு, அப்பன்பேரு எல்லாம் சேத்துச் சொன்னாத்தான் கடிதாசி போய்ச் சேரும். நீளந்தான். ஆனா ஆள் மாறாது.”

இப்போது சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. இடையில் ஒருவர், யாருடைய வலப்பக்கம் என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். “எஞ்சின் பிடிச்சு அமரத்துல இருக்கவன் அணியத்தத்தான் பாப்பான். அவனுக்க வலது கை. அவன் கடலுக்குப் போனாலும் கரைக்கு வந்தாலும் கை மாறாதுல்லா?” என்றார். பெரிய சார் அதை அப்படியே எழுதச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் ஆறு பெயரும் பலகையில் ஏறின. வலப்பக்கம் தாழும் சாய்வு. அணியம் உயரும் சாய்வு. அணியம் வலப்பக்கம் போகும் திருப்பம். மேல்நோக்கிய எழும்பல். முன்நோக்கிய நகர்வு. வலப்பக்க நகர்வு. அவர்கள் ஆங்கிலத்தில் எழுத, டீச்சர் கீழே தமிழிலும் எழுதினார். எங்கள் கரையின் படிவங்கள் எல்லாம் உள்ளே என்று பெரிய சார் கையெழுத்துப் போட்டார். என்னிடம் வந்து கைகொடுத்து, “நீங்க எத்தனை வருஷமா கடலுக்குப் போறீங்க?” என்று கேட்டார். ஒரு நாள் என்றேன். அவர் நம்பவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் கவனித்தேன், மட்டிப்பழம் இன்னும் என் கையிலேயே இருந்தது. அண்ணன் அதை வாங்கி உரித்து, பாதி எனக்குத் தந்தார்.

“ஏலே,” என்றார். “இனி எவனாவது உன்னக் கரைக்காரன்னு சொன்னா, எங்கிட்ட வந்து சொல்லு.”

பஸ் வளைவில் திரும்பியது. வலப்பக்கம் தாழ்ந்தது. வயிறு ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடலுக்கு யாரும் போகவில்லை. பூசை முடிந்து வந்து, அண்ணன் வள்ளத்துப் பெட்டிமேல் வலப்பக்கம் எது என்று பெயிண்டால் எழுதி, திருகாணிகளை இறுக்கினோம். நாலில் ஒன்று துருப்பிடித்திருந்தது. கடை அடைத்திருந்ததால் மூன்றோடு விட்டுவிட்டோம்.